உழப்போவது யார்?: பிரான்சில் விளைநிலம் வாங்குவதன் சட்டமும் செலவும்



வெளிநாட்டில் விளைநிலம் வாங்குவது பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது, இது யாருக்குத் தேவை என்று நண்பர் ஒருவர் கேட்டார். தேவைப்படுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். பிள்ளைகள் ஐரோப்பாவில் வேலையில் இருக்கிறார்கள்; பணிஓய்வு பெற்றவர் கையில் சேமிப்பு இருக்கிறது; மூன்று தலைமுறைக்கு முன் விட்டுப்போன மண் மீது ஆசை போகவில்லை. இப்படிப்பட்டவர்கள் சொத்துரிமைச் சட்டம் கற்பிக்கிற என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘ஏக்கர் என்ன விலை?’ இரண்டாவது, ‘நம் பெயரில் பதிவு செய்து தருவார்களா?’ இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் பிரான்சைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

ஏன் பிரான்சு? நிலத்தை அயலாருக்கு விற்கலாமா என்ற கேள்விக்குப் பல நாடுகள் கடவுச்சீட்டைப் பார்த்துப் பதில் சொல்கின்றன. நாமும் அப்படித்தான். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் மட்டுமல்ல, வெளிநாடு வாழ் இந்தியரும் இங்கே விளைநிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாகப் பெறலாம், அவ்வளவுதான். ஜார்ஜியாவின் கதை இன்னும் கடுமையானது. 2012 வாக்கில் அங்கே நிலம் மலிவு என்று கேள்விப்பட்டுப் பஞ்சாப் உழவர்கள் போனார்கள். 2013-இல் வெளிநாட்டவர் நிலம் வாங்கத் தற்காலிகத் தடை வந்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை நீக்கியது. பிறகு அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். 2018 இறுதியில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்துக்குப் பின், விளைநிலம் பொதுவாக ஜார்ஜியக் குடிமக்களுக்கு மட்டுமே.

பிரான்சில் கடவுச்சீட்டுக் கேள்வி கிடையாது. இந்தியரும் இலங்கையரும் பிரெஞ்சுக்காரரும் விளைநிலம் வாங்குவதில் ஒரே நிலையில் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அங்கே சட்டம் வேறொன்றைக் கேட்கிறது: இந்த நிலத்தை உழப்போவது யார்? விலை பேசுவதிலிருந்து வரி கட்டுவதுவரை, ஏன், உரிமையாளர் இறந்து வாரிசுகள் பங்கு பிரிப்பதுவரை இந்தக் கேள்வி கூடவே வருகிறது. இதைப் புரிந்துகொண்டு போகிறவருக்கு அங்குள்ள நடைமுறைகள் தெளிவாகத் தெரியும். புரியாமல் போகிறவருக்கு அவை வெறும் தடைகளாகத் தெரியும். பணமும் ஆண்டுகளும் வீணாகும்.

முதலில் விலை. கட்டடம் இல்லாத, குத்தகையில் இல்லாத நிலமும் புல்வெளியும் நாட்டுச் சராசரியாக ஹெக்டேருக்கு 6,000 யூரோவைச் சற்றே தாண்டி விற்கின்றன. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நெதர்லாந்தில் இதைப்போலப் பல மடங்கு. ஷாம்பெய்ன் வட்டாரத்தின் திராட்சைத் தோட்டம் ஹெக்டேருக்குப் பத்து லட்சம் யூரோவைத் தொடுகிறது என்பது உண்மை; அது தனி உலகம், அதை விட்டுவிடுவோம். சாதாரண தானிய நிலமும் மேய்ச்சல் நிலமும் இவ்வளவு மலிவாக இருப்பதற்கு மண் மட்டும் காரணமில்லை. நில விலை உழவரின் வருவாயை மீறிப் போய்விடக்கூடாது என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் பிடித்துவைத்திருக்கிறது. நிலத்தை வாங்கிப் போட்டு விலை ஏறும்வரை காத்திருப்பவருக்கு அந்நாட்டில் இடம் குறைவு. இதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு என்பதை மறைக்கவில்லை.

இனி நிலத்தைப் போய்ப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடுப் பிரான்சில் ஒரு சிற்றூர். எட்டு ஹெக்டேர் புல்வெளி. வீடு இல்லை, ஆள் இல்லை. ‘காலி நிலம்’ என்கிறார் விற்பவர். ஆனால் புல் ஒழுங்காக அறுக்கப்பட்டிருக்கிறது. அறுத்தவர் யார்? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல ஒரு முழு நாள் வேண்டும்.

பிரெஞ்சுக் குத்தகைச் சட்டத்தின் அடித்தளம் 1945 அக்டோபர் 17 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டமும், 1946 ஏப்ரல் 13 சட்டமும். போர் முடிந்த கையோடு, பசி தீராத நாட்டில், உழுபவருக்கு நிலத்தின் மீது நிலையான பிடி வேண்டும் என்று எடுத்த முடிவு அது. இன்றும் அந்நாட்டு விளைநிலத்தில் பாதிக்கும் மேல் குத்தகையில்தான் இருக்கிறது. குத்தகைக் காலம் குறைந்தது 9 ஆண்டு. முடிந்தால் தானாகவே மறுபடி 9 ஆண்டு. குத்தகைத் தொகைக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பிரதிநிதியான பிரிஃபெக்ட் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வகுக்கிறார். ஆண்டுதோறும் தேசியக் குறியீட்டெண்ணின்படி அது கூடும் அல்லது குறையும். பெரும்பாலான இடங்களில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 100 முதல் 200 யூரோ என்ற அளவில்தான் வரும். வாய்மொழிக் குத்தகையும் குத்தகையே. பக்கத்து வயல்காரர் ஆண்டுதோறும் புல்லறுத்துக்கொண்டு அதற்கு ஒரு தொகை கொடுத்துவந்தால், தாளில் ஒரு வரியும் இல்லாவிட்டாலும் அவர் குத்தகைதாரராக நிலைநாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. நிலம் கைமாறினாலும் அவர் குத்தகை மாறாது. புதிய உரிமையாளர் பழைய குத்தகையோடுதான் நிலத்தை ஏற்கிறார்.

வெளியேற்ற முடியாதா? முடியும். ஆனால் தாமே பயிரிடப்போகிறேன் என்று வாங்கியவர் சொல்ல வேண்டும். குத்தகைத் தவணை முடிவதற்கு 18 மாதம் முன்பே சட்டப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பிறகு 9 ஆண்டு தாமே உழைத்துப் பயிரிட வேண்டும். நிலத்திலோ அதன் அருகிலோ குடியிருக்க வேண்டும். சென்னையிலிருந்து மேற்பார்வை பார்ப்பது இதில் சேராது. தகராறு வந்தால் அதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. நீதிபதி தலைமையில் நில உரிமையாளர்கள் தரப்பிலும் குத்தகைதாரர்கள் தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் அமர்ந்து விசாரிக்கிறார்கள். நம்மிடமும் 1955-ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தஞ்சை வட்டாரத்தில் அதற்காக நடந்த போராட்டங்களை இந்த அவையில் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பின்னணி உள்ள நமக்கு, பிரான்சின் இந்தச் சட்டம் அந்நியமாகத் தோன்றக் கூடாது.

இன்னும் ஒன்று. குறைந்தது மூன்று ஆண்டு பயிரிட்ட குத்தகைதாரருக்கு, நிலம் விற்பனைக்கு வந்தால் முதலில் வாங்கும் உரிமை உண்டு. நீங்கள் பேசி முடித்த விலையும் நிபந்தனைகளும் அவருக்கு முறைப்படி தெரிவிக்கப்படும். அவருக்கு இரண்டு மாத அவகாசம். அதே விலைக்கு அவர் எடுத்துக்கொள்கிறேன் என்றால் உங்கள் பேச்சு அத்தோடு முடிந்தது.

யார் தெரிவிப்பது? நொத்தேர். புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிய சொல். இங்கே வழக்கறிஞர், பத்திர எழுத்தர், சார்பதிவாளர் என்று மூன்று பேர் பார்க்கும் வேலையை அங்கே அவர் ஒருவரே பார்க்கிறார். அவர் அரசால் அமர்த்தப்படும் பொது அலுவலர். அவர் முன் கையெழுத்தான பத்திரமே நிலப் பதிவேட்டில் ஏறும். விற்பவருடைய நொத்தேரே இருவருக்கும் வேலை பார்க்கலாம். ஆனால் வாங்குபவர் தனக்கென ஒருவரை வைத்துக்கொண்டாலும் கட்டணம் அதிகரிக்காது. இருக்கிற கட்டணத்தை நொத்தேர்கள் இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். இதைத் தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். தொலைவிலிருந்து வாங்குபவர் கட்டாயம் தனி நொத்தேரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் கையெழுத்து, முன்னொப்பந்தம். விலையில் 5 முதல் 10 விழுக்காடு முன்பணம் நொத்தேரின் கணக்கில் போகும். விற்பவர் கைக்குப் போகாது. இதில் எழுதும் நிபந்தனைகள்தாம் உங்கள் பாதுகாப்பு. ‘குத்தகைதாரர் முன்னுரிமையைப் பயன்படுத்தினால், வங்கிக்கடன் கிடைக்காவிட்டால், நகரமைப்புச் சான்றில் பாதகம் இருந்தால் முன்பணம் திரும்ப வேண்டும்’ என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். வீடு வாங்குபவருக்குக் கையெழுத்துக்குப் பின் மனம் மாற 10 நாள் அவகாசம் தருகிற பிரெஞ்சுச் சட்டம், குடியிருப்பு இல்லாத வெறும் நிலத்துக்கு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. பேனாவை எடுப்பதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும்.

எல்லை விஷயத்திலும் கவனம் தேவை. அங்குள்ள நில வரைபடப் பதிவேடு வரி வசூலுக்காக ஏற்பட்டது. அது உரிமைக்கோ எல்லைக்கோ முடிவான சான்றாகாது. முதல் உலகப் போர்வரை ஜெர்மன் ஆட்சியில் இருந்த அல்சாஸ், மோசேல் பகுதிகளில் மட்டும் ஜெர்மன் மரபில் வந்த நிலப் பேரேடு இருக்கிறது; அதற்கு எடை அதிகம். மற்ற இடங்களில் தகுதிபெற்ற நில அளவரை வைத்து, பக்கத்து நிலக்காரர்கள் கையெழுத்தோடு எல்லைக்கல் நாட்டிக்கொள்வதே நல்லது. செலவு நிலத்தின் வடிவத்தைப் பொறுத்தது; ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம். பங்கு பிரியாத குடும்ப நிலம் என்றால், பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கனடாவில் இருப்பார், இன்னொருவர் எங்கே என்றே தெரியாது. இது நமக்கு நன்றாகத் தெரிந்த நோய்.

இனி நான் சொல்ல வந்ததன் நடுப்பகுதிக்கு வருகிறேன். அதன் பெயர் சஃபேர். நிலச் சீரமைப்பு, ஊரக அமைப்பு நிறுவனங்கள் என்பது அதன் முழுப் பெயரின் பொருள். 1960 ஆகஸ்ட் 5 அன்று வந்த வேளாண் வழிகாட்டுச் சட்டம் இவற்றை உருவாக்கியது.  ‘நிலம் பணக்காரன் கைக்குப் போகிறது, எங்களுக்குத் தொழில் தொடங்க இடமில்லை’ என்பதே அன்றைய இளம் உழவர்களுடைய முறையீடு. 1962-இல் வேளாண் அமைச்சராக இருந்த எட்கார் பிசானி கொண்டுவந்த துணைச் சட்டம் சஃபேருக்கு முன்வாங்கும் உரிமையைக் கொடுத்தது.

அந்த உரிமை எப்படி வேலை செய்கிறது? விளைநில விற்பனை ஒவ்வொன்றையும் நொத்தேர் அந்த வட்டார சஃபேருக்கு அறிவிக்க வேண்டும். சஃபேர் முடிவெடுக்க இரண்டு மாதம் கெடு. உறவினருக்குள் நடக்கும் விற்பனை, மூன்று ஆண்டு பயிரிட்ட குத்தகைதாரருக்கு விற்பது போன்றவற்றில் அது குறுக்கிட முடியாது. மற்றவற்றில், ‘நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லலாம். விலை வட்டார நிலவரத்தைவிட அதிகம் என்று கருதினால், குறைந்த விலைக்குக் கேட்கலாம். அப்போது விற்பவருக்கு மூன்று வழிகள்: அந்த விலைக்குச் சம்மதிப்பது, விற்பனையையே கைவிடுவது, நீதிமன்றம் போய் விலையை நிர்ணயிக்கச் சொல்வது. நீங்கள் எவ்வளவு கூட்டித் தர முன்வந்தாலும் அந்த மேசையில் உங்களுக்கு நாற்காலி இல்லை.

ஆனால் சஃபேர் நினைத்தபடி பறித்துக்கொள்ள முடியாது. இளம் உழவரைத் தொழிலில் அமர்த்துவது, சிறு பண்ணையை விரிவாக்குவது, சுற்றுச்சூழலைக் காப்பது என்று சட்டம் பட்டியலிட்ட நோக்கங்களில் ஒன்றைச் சொல்லி, அந்தக் காரணத்தை ஊராட்சி மன்றத்தில் ஒட்ட வேண்டும். வேளாண் துறையும் நிதித் துறையும் அமர்த்திய ஆணையர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். நிலம் கைநழுவிய வாங்குநர், அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். வாங்கிய நிலத்தை யாருக்குத் தருவது என்பதற்கு மறுபடி அறிவிப்பு ஒட்டி விண்ணப்பம் கேட்டு, உழவர் சங்கங்களின் பிரதிநிதிகளும் அமரும் குழுவில் வைத்து முடிவெடுக்கிறார்கள். அறிவிக்கப்படும் விற்பனைகளில் மிகச் சிறு பங்கில்தான் இந்த உரிமை உண்மையில் பயன்படுத்தப்படுகிறது. இருக்கிறது என்பதே போதும். விலை வரம்பு மீறாது.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையைப் பத்தாண்டுக்கு முன் ஒரு சீன முதலீட்டாளர் உலகுக்குக் காட்டினார். நடுப் பிரான்சின் ஆந்த்ர் மாவட்டத்தில் சுமார் 1,700 ஹெக்டேர் தானிய நிலம் அவர் கைக்குப் போனது. அவர் வாங்கியது நிலத்தை அல்ல, நிலம் வைத்திருந்த நிறுவனங்களின் பங்குகளை. அதிலும் முழுப் பங்கையும் வாங்காமல் ஒரு சிறு பகுதியைப் பழைய உரிமையாளரிடமே விட்டுவைத்தார். முழுப் பங்கும் கைமாறினால்தான் சஃபேர் தலையிட முடியும் என்பது அன்றைய சட்டம். கிராமங்கள் கொதித்தன. ஓட்டையை அடைக்கும் முயற்சிகள் முதலில் அரைகுறையாக நின்றன; பிறகு 2021 டிசம்பரில் வந்த சட்டம் வேளாண் நிலம் வைத்திருக்கும் நிறுவனங்களின் பங்கு மாற்றத்தையும் ஒரு வரம்புக்கு மேல் முன் அனுமதிக்கு உட்படுத்தியது. ‘கம்பெனி ஆரம்பித்து வாங்கினால் கேள்வி இருக்காது’ என்று இன்னும் அறிவுரை சொல்லும் தரகர்கள் பழைய காலத்தில் இருக்கிறார்கள்.

எனவே வாங்க விரும்புகிறவருக்கு என் யோசனை இது. சஃபேருக்குப் பயந்து ஒளிந்து வாங்கப் பார்க்காதீர்கள். முன்கூட்டியே அவர்கள் அலுவலகத்துக்குப் போங்கள். என்ன பயிரிடப்போகிறீர்கள், யார் பயிரிடப்போகிறார், தண்ணீர் எங்கிருந்து என்று திட்டத்தைத் தாளில் காட்டுங்கள். அவர்கள் கைவசம் உள்ள நிலத்துக்கே விண்ணப்பிக்கலாம். அவர்கள் தங்கள் பணிக்கு ஒரு கட்டணம் சேர்ப்பார்கள். ஆனால் 10 ஆண்டு அந்த நிலத்தை வேளாண்மைக்கே வைத்திருப்பேன் என்று ஒப்புக்கொண்டால், சொத்து மாற்ற வரியிலிருந்து விலக்குக் கிடைக்கும்.

அந்த வரி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ஹெக்டேர், 60,000 யூரோ என்று வையுங்கள். நொத்தேரின் கட்டணத்தை அரசே படிப்படியான விகிதத்தில் நிர்ணயித்திருக்கிறது: முதல் 6,500 யூரோவுக்கு 3.87 விழுக்காடு, அடுத்து 17,000 வரை 1.596, அதற்கு மேல் 60,000 வரை 1.064. கூட்டினால் சுமார் 877 யூரோ. அதன்மேல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி சேர்த்து 1,052. சொத்து மாற்ற வரி விலையில் 5.8 விழுக்காட்டுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 3,484 யூரோ. பதிவேட்டில் ஏற்றும் கட்டணம் ஆயிரத்துக்கு ஒன்று, 60 யூரோ. சான்றுகள், அறிவிப்புகள் என்று நொத்தேர் வெளியே செலவழிப்பது 1,000 யூரோவை ஒட்டி வரும். மொத்தம் ஏறத்தாழ 5,600; விலையில் 9 விழுக்காட்டுக்கு மேல். 2025 ஏப்ரல் முதல் மாவட்டங்கள் தங்கள் வரிப் பங்கை அரை விழுக்காடு உயர்த்திக்கொள்ளலாம் என்று அனுமதி வந்திருப்பதால், பல இடங்களில் இன்னும் 300 யூரோ கூடும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 விழுக்காடு கொடுத்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி தராது.

ஆனால் இதே கணக்கை 2 ஹெக்டேருக்கு, 12,000 யூரோவுக்குப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 407, வரி 697. வெளிச் செலவோ அதே தொள்ளாயிரம், ஆயிரம். மொத்தம் விலையில் ஆறில் ஒரு பங்கு. சின்னத் துண்டு நிலம் வாங்குவது மலிவு என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

நான் மறுபடி மறுபடி சொல்லும் அந்தக் கேள்வி வரியிலும் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். குறைந்தது இரண்டு ஆண்டு பதிவான குத்தகையோடு பயிரிட்ட ஒருவர், சட்ட நிபந்தனைகளை ஏற்று அதே 10 ஹெக்டேரை வாங்கினால் வரி 0.715 விழுக்காடுதான்: 429 யூரோ. வெளியிலிருந்து வரும் நீங்கள் கட்டுவது 3,484.

வாங்கியாயிற்று. பயிரிடலாமா? உரிமை ஒன்று, பயிரிடும் அனுமதி வேறொன்று. வட்டார விதிகளில் சொன்ன பரப்பைத் தாண்டினாலோ, வேளாண் கல்விச் சான்றிதழோ கடந்த 15 ஆண்டில் 5 ஆண்டுப் பண்ணை அனுபவமோ இல்லாவிட்டாலோ மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். முடிவுக்கு நான்கு மாதம் ஆகும். ஆறு மாதமாக நீட்டவும் செய்யலாம். நிலம் வாங்கியதால் குடியிருக்கும் உரிமை வராது. 90 நாளுக்கு மேல் தங்க நீண்டகால விசா தனியே வேண்டும். வயலில் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற கனவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஊராட்சித் திட்டத்தில் வேளாண் மண்டலம் என்று குறிக்கப்பட்ட இடத்தில், பண்ணைத் தொழிலுக்குத் தேவை என்று நிரூபித்தால் ஒழியப் புது வீடு எழும்பாது. பழைய கல் கொட்டகையை வீடாக மாற்றவும், அந்தக் கட்டடம் திட்டத்திலேயே அதற்கென அடையாளம் காட்டப்பட்டிருக்க வேண்டும். தண்ணீரும் நிலத்தோடு தானாக வராது. 2023 மார்ச்சில் சான்த் சொலின் என்ற ஊரில் பாசனத் தேக்கத்தை எதிர்த்துத் திரண்டவர்களுக்கும் காவல் படைக்கும் நடந்த மோதலைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மழை பெய்யும் பச்சை நாடு என்று நம்பி ஆழ்துளைக் கணக்குப் போடாமல் போகக் கூடாது.

இவ்வளவையும் கேட்டு, தன்னால் உழ முடியாது என்று நினைப்பவருக்காகப் பிரான்சின் லார்சாக் பீடபூமியை ஒரு கணம் நினைவுகூர்கிறேன். 1971-இல் இராணுவ முகாமை விரிவாக்க அரசு நிலம் எடுக்கப் புறப்பட்டபோது, அங்கிருந்த ஆடு வளர்ப்போர் பத்தாண்டு போராடினார்கள். நாடெங்கும் உள்ள ஆதரவாளர்கள் சிறு சிறு பங்குகளாகப் பணம் போட்டு, வேளாண் நிலக் கூட்டுடைமை என்ற சட்ட அமைப்பின் பெயரில் நிலத்தை வாங்கி, அரசின் திட்டத்துக்குத் தடையாக வைத்தார்கள். 1981-இல் பதவிக்கு வந்த குடியரசுத் தலைவர் மித்தெரான் திட்டத்தைக் கைவிட்டார்; பிறகு அரசின் 6,300 ஹெக்டேர் அங்குள்ள உழவர்களே நடத்தும் சங்கத்திடம் நீண்டகாலக் குத்தகைக்கு வந்தது. அந்த மரபில்தான் 2003-இல் தேர் த லியான் என்ற இயக்கம் பிறந்தது. மக்களிடம் பங்குத் தொகை திரட்டிப் பண்ணைகளை வாங்கி, இயற்கை உழவர்களுக்குக் குத்தகைக்கு விடுகிறது. தானே உழ முடியாது, ஆனால் மண்ணில் தன் பணம் இருக்க வேண்டும் என்று விரும்புகிற பிரான்சு வாழ் தமிழருக்கு நான் காட்டும் நேர்மையான வழி இதுவே. லாபம் எதிர்பார்க்கிறவர்கள் வேறு எங்காவது போகலாம்.

இந்தியாவில் குடியிருந்துகொண்டு வாங்குகிறவருக்கு நம் சட்டமும் உண்டு. தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். குடும்பத்தினர் சேர்ந்தும் வாங்கலாம். இதற்கென்று இங்குள்ள வங்கி கடன் தராது. சொந்தப் பணமாக இருக்க வேண்டும். ஓராண்டில் 10 லட்ச ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 விழுக்காடு வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். அதைப் பிறகு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கையில் ரொக்கம் தயாராக வேண்டும். அந்தப் பக்கம் நொத்தேர் பணத்தின் மூலத்தைக் கேட்பார்; நேரில் போக முடியாதவர் அதிகாரப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றையும் அப்போஸ்டில் முத்திரையோடு, நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பிரெஞ்சில் கொடுக்க வேண்டும்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்ற நம் பழக்கம் இங்கே உதவாது. அந்த விலக்கு இந்தியாவில் உள்ள நிலத்துக்கு மட்டுமே. பிரெஞ்சு நிலத்தின் குத்தகை வருமானம் இங்குள்ள கணக்கில் காட்டப்பட வேண்டும். 1992-ஆம் ஆண்டின் இருநாட்டு ஒப்பந்தம் இரட்டை வரியிலிருந்துதான் காக்கும். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் நிலத்தைக் குறிக்காமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் தண்டம் 10 லட்ச ரூபாய். ஆண்டுக்கு ஆயிரம் யூரோ வருமானம் தரும் நிலத்துக்காக இந்தத் தண்டம் கட்டுவது மிகக் கொடுமை.

கடைசியாக வாரிசுரிமை, வாங்குபவர் யாரும் கேட்காத கேள்வி, ஆனால் முன்னொப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டியது. பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளைச் சொத்திலிருந்து முற்றாக விலக்க முடியாது: ஒரு பிள்ளை என்றால் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று பங்கு அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதி, இறந்தவர் கடைசியாக வாழ்ந்த நாட்டின் சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. இந்தியாவோ அசையாச் சொத்துக்கு அது இருக்கும் இடத்தின் சட்டம் என்று திருப்பி அனுப்புகிறது. சுற்றிவந்து பிரெஞ்சுச் சட்டத்திலேயே நிற்கிறோம். இதைத் தவிர்க்க வேண்டுமானால், தன் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் வெளிப்படையாக எழுத வேண்டும். அப்படி எழுதினாலும், பிள்ளைகளில் ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்பவராக இருந்தால், 2021 ஆகஸ்டில் வந்த சட்டம் ஒதுக்கப்பட்ட பங்குக்கு ஈடாகப் பிரான்சில் உள்ள சொத்திலிருந்து எடுத்துக்கொள்ள வழி தருகிறது.

பங்கு பிரிக்கும் நாளில் பிள்ளைகளில் ஒருவர் அந்த நிலத்தில் பயிரிட்டுவந்தவர் என்றால், பண்ணையைத் துண்டாக்காமல் தமக்கே ஒதுக்கும்படி அவர் கேட்கலாம் என்கிறது பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 831-ஆம் பிரிவு. மற்றவர்களின் பங்குக்கு உரிய பணத்தை அவர் கொடுத்துவிட வேண்டும். வயல் அவரிடமே இருக்கும்.